இலையுதிர் கால விடுமுறையில் நண்பர்கள் கூடல்: 12 பேருக்கு, ஒரே ஓவனில், எதைச் செய்யலாம்?

மெல்லியதீ:
விடுமுறை நாளில் 12 பேர் கூடுகிறோம். மாலை 6 மணிக்கு ஆரம்பம். உட்கார்ந்து பரிமாறுகிற விருந்து கிடையாது. நடுவில் மேசை போட்டு, அவரவர் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும். ஓவன் ஒன்று, அடுப்பில் நாலு பர்னர், ஒரு ஸ்லோ குக்கர் இருக்கிறது. மூன்று பேர் சைவம், ஒருவருக்கு வேர்க்கடலை, முந்திரி மாதிரி எந்தக் கொட்டையும் ஆகாது. குளிர் தொடங்கிவிட்ட பருவம் என்பதால் பரங்கி, சர்க்கரைவள்ளி, ஆப்பிள் எல்லாம் நன்றாகக் கிடைக்கும். என்னென்ன செய்யலாம், எந்த அளவில்?

அகப்பை:
பட்டியல் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. மேசையில ஏழு பண்டம் இருந்தா ஒருத்தர் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கரண்டிதான் எடுப்பார். அதனால எல்லாத்தையும் 12 முழுப் பங்கா செய்ய வேண்டாம். சமையல் குறிப்புல "6 பேருக்கு"ன்னு போட்டிருக்கிற அளவு, இந்த மாதிரி மேசையில 12 பேருக்குச் சரியா வரும். ரொட்டியும் ஒரு கனமான பண்டமும் மட்டும் தாராளமா இருக்கட்டும்.

அடுத்தது, எதைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு. ருசியை வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. "இது ஒரு மணி நேரம் மேசையில கிடந்தா எப்படி இருக்கும்?"னு ஒவ்வொரு பண்டத்துக்கும் கேளுங்க. ஆறினாலும் நல்லா இருக்கிறது, இல்லேன்னா ஸ்லோ குக்கர்ல சூடா நிக்கிறது, இந்த ரெண்டு வகைக்குத்தான் முதல் இடம். கடைசி நிமிஷத்துல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு இருக்கலாம். ரெண்டு இருந்தா வீட்டுக்காரர் சமையலறையை விட்டு வெளியே வர முடியாது.

தணல்:
சூப்பில் தொடங்கலாம். குளிருக்கு வந்தவர் கையில் ஒரு சின்னக் கோப்பை சூப் கொடுத்துவிட்டால் மற்ற பண்டங்கள் பத்து நிமிடம் தாமதமானாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பட்டர்நட் பரங்கி 2 கிலோ. நெடுக்கில் இரண்டாக வெட்டி விதையைச் சுரண்டி எடுங்கள். எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ட்ரேயில் கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸில் 50 நிமிடம். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். ஒரு முழுப் பூண்டைத் தலையை மட்டும் சீவி, எண்ணெய் விட்டு ஃபாயிலில் சுற்றி அதே ட்ரேயில் வையுங்கள். இரண்டு பெரிய வெங்காயத்தைக் குறைந்த தீயில் 15 நிமிடம் வதக்கி, பரங்கிச் சதை, பிதுக்கிய பூண்டு, 1.2 லிட்டர் காய்கறி ஸ்டாக் சேர்த்து 10 நிமிடம் கொதித்தபின் அரையுங்கள். உப்பு ஒன்றரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை ஜாதிக்காய். இறக்கியபின் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. இந்தச் சாறு இல்லாவிட்டால் சூப் வெறும் இனிப்பாகவே நிற்கும்.

பரங்கியைத் தண்ணீரில் வேகவைத்துச் செய்தால் சூப் நீர்த்துப்போகும், ருசியும் தட்டையாக இருக்கும். ஓவனில் சுடும்போது தண்ணீர் வற்றி, ட்ரேயில் படும் ஓரம் பழுப்பேறும். ருசி அந்தப் பழுப்பிலிருந்துதான் வருகிறது.

கொதிக்கிற சூப்பை மூடிய பிளெண்டர் ஜாரில் நிறைய ஊற்றி ஓட்டாதீர்கள். உள்ளே ஆவி திடீரெனப் பெருகி மூடியைத் தூக்கியெறியும். பாதி ஜாருக்கு மேல் வேண்டாம். மூடியின் நடு அடைப்பை எடுத்துவிட்டு, மடித்த துணியை மேலே பிடித்துக்கொண்டு குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். கையில் பிடித்து அரைக்கிற பிளெண்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

உப்புக்கல்:
தணல் சொன்ன சூப்பை முந்தின நாளே செய்யலாம், ஒரு திருத்தம் மட்டும். கிரீம் சேர்க்கிறதா இருந்தா அன்னைக்கு சூடு பண்ணும்போது சேர்க்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா சூப் கெட்டியா இருக்கும். உடனே தண்ணி ஊத்திடாதீங்க, சூடானதும் தானா இளகும். அதுக்கப்புறமும் கெட்டியா இருந்தா பாருங்க.

சைவக்காரங்களுக்குக் கனமான பண்டம் ஒண்ணு வேணும். ராஜ்மா சில்லி போடுங்க. காய்ஞ்ச ராஜ்மா அரை கிலோ, ராத்திரி முழுக்க ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. புதுத் தண்ணியில வேகவெச்சு, நசுக்கினா மாவா உடையணும். தனியா ஒரு பாத்திரத்துல வெங்காயம் 3, பூண்டு 8 பல், குடமிளகாய் 2 வதக்கி, சீரகப்பொடி ஒரு டேபிள்ஸ்பூன், புகையிட்ட பாப்ரிகா ஒரு டேபிள்ஸ்பூன், மிளகாய்ப்பொடி ருசிக்கு. 400 கிராம் தக்காளி டின் ரெண்டு. வெந்த ராஜ்மாவை அதுல போட்டு ஒரு மணி நேரம் சிம்முல. கடைசியில ஒரு கரண்டி ராஜ்மாவை மசிச்சு விட்டா குழம்பு தானா கெட்டியாகும்.

தக்காளியை முதல்லயே ராஜ்மாவோட சேர்த்து வேகவெச்சா புளிப்பு தோலை இறுக்கிடும். மணிக்கணக்கா வெந்தாலும் நடுவுல கடிபடும்.

கருவாலி:
காய்ந்த ராஜ்மாவை ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போட்டு, காலையில் ஆன் செய்துவிட்டுப் போகலாமா? மாலைக்குள் வெந்துவிடுமே.

உப்புக்கல்:
கண்டிப்பா கூடாது. பச்சை ராஜ்மாவுல லெக்டின் வகை நச்சு ஒண்ணு இருக்கு. நல்லா தளதளன்னு கொதிச்சாதான் அது அழியும். ஸ்லோ குக்கர் சூடு அந்த அளவுக்கு ஏறாமப் போகலாம், குறைஞ்ச சூட்டுல அரைவேக்காடா வெந்தா நச்சு பச்சையா இருந்ததைவிட அதிகமாகக்கூடச் செய்யும். நாலஞ்சு பயறு போதும், சில மணி நேரத்துல கடுமையான வாந்தி, வயித்துப்போக்கு வரும். ஊறவெச்ச தண்ணியைக் கொட்டிட்டு, அடுப்புல முழுக் கொதியில குறைஞ்சது 10 நிமிஷம், 30 நிமிஷம் வெச்சா இன்னும் நல்லது. அதுக்கப்புறம் ஸ்லோ குக்கருக்கு மாத்தலாம். டின்ல வர்ற ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதை நேரா போடலாம்.

இன்னொண்ணு. ஃப்ரிட்ஜ்ல இருந்த சில்லியை ஸ்லோ குக்கர்ல போட்டுச் சூடுபண்ணாதீங்க. கிருமி பெருகுற வெதுவெதுப்புலயே ரொம்ப நேரம் கிடக்கும். அடுப்புல கொதிக்கவெச்சுட்டு, அப்புறம் "வார்ம்"ல வெக்கணும். சூட்டை நிறுத்தி வைக்கத்தான் அது.

மெல்லியதீ:
சூப்பும் சில்லியும் முடிவு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கோழியில் ஏதாவது? முழுக்கோழி சுட்டு மேசையில் வெட்டுவதெல்லாம் வேண்டாம்.

அகப்பை:
தொடைக்கறி. எலும்பும் தோலும் இல்லாதது 1.8 கிலோ. நெஞ்சுக்கறி எடுத்தா மேசையில வெச்ச கால் மணி நேரத்துல நார்நாரா வறண்டுடும். 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய், உப்பு 3 டீஸ்பூன், மிளகுத்தூள், நசுக்கின பூண்டு 6 பல், தைம், ரெண்டு எலுமிச்சைச் சாறு. ஒரு மணி நேரம் ஊறினா போதும். ராத்திரி முழுக்க ஊறவெக்கணும்னா எலுமிச்சையை மட்டும் கடைசியில சேருங்க, புளிப்புல கறியோட மேல்பக்கம் மாவு மாதிரி ஆயிடும்.

200 டிகிரியில 35லருந்து 40 நிமிஷம். தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டினா பாதுகாப்பு. ஆனா தொடைக்கு அதோட நிறுத்தாதீங்க, 80 தாண்டணும். 74ல ரப்பர் மாதிரி இழுக்கும், இன்னும் கொஞ்சம் சூடு ஏறும்போதுதான் உள்ள இருக்கிற சவ்வு கரைஞ்சு மெத்துனு வரும். ட்ரேயில தேங்கியிருக்கிற சாறைக் கொட்டிடாதீங்க. கறியைப் பிச்சுப் போட்டு அந்தச் சாறுலயே புரட்டி மூடி வெச்சா வறளாது. ரொட்டிக்குள்ள வெச்சுச் சாப்பிட ஏத்தது.

வேர்க்கிழங்கு:
சர்க்கரைவள்ளி, கேரட், சிவப்பு வெங்காயம் சேர்த்து ஓவனில் வறுத்தால் சூடாகவும் சாப்பிடலாம், ஆறியும் சாப்பிடலாம். மொத்தம் 2 கிலோ, 2.5 சென்டிமீட்டர் துண்டு, கிலோவுக்கு 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 220 டிகிரி, 35 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்ப வேண்டும். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: இரண்டு கிலோவையும் ஒரே ட்ரேயில் குவிப்பது. காயிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல், வறுபடுவதற்குப் பதில் அவிந்து கொழகொழவென்று ஆகிவிடும். இரண்டு ட்ரே எடுங்கள். துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், பாதி நேரத்தில் மேல் ட்ரேயைக் கீழும் கீழ் ட்ரேயை மேலும் மாற்றுங்கள்.

ட்ரேயை எடுத்ததும் துண்டின் அடிப்பக்கத்தைக் கரண்டியால் திருப்பிப் பாருங்கள். ஓரம் கருஞ்சிவப்பாக, இனிப்பு கசிந்து ட்ரேயில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்க வேண்டும். வெளிர் ஆரஞ்சாகவே இருந்தால் இன்னும் 8 நிமிடம். சூடாக இருக்கும்போதே எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், ஆலிவ் எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், கடுகு பேஸ்ட் ஒரு டீஸ்பூன் கலந்து ஊற்றுங்கள். ஆறிய காய் சாற்றை உறிஞ்சாது, அடியில்தான் தேங்கும்.

பீட்ரூட் சேர்க்க ஆசைப்பட்டால் தனி ட்ரேயில் வறுத்துப் பரிமாறும் தட்டில் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லாமே சிவப்பாகிவிடும்.

கருவாலி:
மேசைக்குக் கூட்டம் சேர்ப்பது சீஸ் போட்ட மக்ரோனிதான் என்பது என் கருத்து. ஆனால் சாஸ் மணல் மணலாகத் திரிந்துவிடுகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். காரணம் என்ன?

தணல்:
சீஸ் அதிகச் சூட்டில் விழுந்தால் புரதம் இறுகிக் கொழுப்பு தனியாகப் பிரியும். அதுதான் மணல். 60 கிராம் வெண்ணெய், 60 கிராம் மைதாவைக் குறைந்த தீயில் இரண்டு நிமிடம் கிளறி, 1.2 லிட்டர் பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கெட்டியாக்குங்கள். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் பொறுத்து, துருவிய செடார் 500 கிராமை மூன்று தவணையாகப் போட்டுக் கலக்குங்கள். பாக்கெட்டில் துருவி வரும் சீஸைத் தவிருங்கள். ஒட்டாமல் இருக்க அதில் மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், சாஸ் வழவழப்பாக வராது. நெடுநாள் முதிர்ந்த செடார் மட்டும் போட்டாலும் திரியும் வாய்ப்பு அதிகம், பாதிக்குப் பாதி இளசான சீஸ் கலந்துகொள்ளுங்கள்.

மக்ரோனி 600 கிராம். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 3 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள், மீதி ஓவனில் வேகும். கலந்தவுடன் பார்த்தால் சாஸ் அதிகமாக, தளர்வாகத் தெரிய வேண்டும். அப்போதே அளவாக இருந்தால் மேசைக்கு வரும்போது கட்டியாக இறுகியிருக்கும். 33க்கு 23 சென்டிமீட்டர் தட்டு, மேலே ரொட்டித்தூள், 190 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். காலையிலேயே கலந்து ஃப்ரிட்ஜில் வைப்பதானால் கூடுதலாக 200 மில்லி பால் ஊற்றுங்கள், மக்ரோனி ஊறிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த தட்டுக்கு ஓவனில் 20 நிமிடம் அதிகம் பிடிக்கும்.

வேர்க்கிழங்கு:
சீஸ் பற்றி ஒரு குறிப்பு. பல சீஸ்களில் பாலைத் திரியவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் எப்போதுமே அதுதான். கண்டிப்பான சைவர்கள் இருந்தால் உறையில் "சைவ ரென்னெட்" என்று இருப்பதை வாங்குங்கள்.

பொறிகடலை:
மொறுமொறுன்னு ஒண்ணு வேணாமா? வெங்காய பஜ்ஜி மாதிரி, பரங்கி வறுவல் மாதிரி எண்ணெயில பொரிச்சு வெச்சா சீக்கிரம் காலியாகும்.

அகப்பை:
காலியாகும், ஆனா பொரிக்கிறவர் மேசைக்கு வரவே முடியாது. பொரிச்சது அஞ்சு நிமிஷத்துல நமத்துடும், மூடி வெச்சா இன்னும் சீக்கிரம். மொறுமொறுப்புக்கு வேற வழி இருக்கு. பிச்சுச் சாப்பிடுற பூண்டு ரொட்டி. நீளமான ரொட்டி ரெண்டு, அடிவரைக்கும் போகாம ரெண்டு விரல் அகலத்துல கீறுங்க. வெண்ணெய் 150 கிராம், நசுக்கின பூண்டு 4 பல், பார்ஸ்லி ஒரு கைப்பிடி, உப்பு அரை டீஸ்பூன் கலந்து ஒவ்வொரு கீறல்லயும் தடவி, ஃபாயில்ல சுத்தி 190 டிகிரியில 12 நிமிஷம். அப்புறம் ஃபாயிலைத் திறந்து 6 நிமிஷம். திறக்கலேன்னா மேல்பக்கம் ஈரமாவே இருக்கும்.

பூண்டு வெண்ணெயை முந்தின நாளே கலந்தா ஃப்ரிட்ஜ்ல வெக்கணும். பச்சைப் பூண்டை எண்ணெயிலயோ வெண்ணெயிலயோ கலந்து வெளியில நாள் கணக்கா வெக்கக் கூடாது, காத்து படாத இடத்துல வளர்ற பாட்டுலிசம் கிருமிக்கு அது வசதியா போயிடும்.

தணல்:
டிப் ஒன்றும் வேண்டும், ரொட்டியும் கேரட் குச்சியும் தொட்டுக்கொள்ள. ஹம்முஸ். காய்ந்த கொண்டைக்கடலை 250 கிராம், ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவுடன் இரவு முழுக்க ஊறவைத்து, கழுவி, புதுத் தண்ணீரில் அரை டீஸ்பூன் சோடாவுடன் குழைய வேகவையுங்கள். சோடா தோலைக் கரைக்கும். தோல் முழுசாக நின்றால் எவ்வளவு அரைத்தாலும் திப்பி திப்பியாக இருக்கும். இரண்டு பல் பூண்டை 4 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் தட்டிப் போட்டு 10 நிமிடம் விடுங்கள், காரநெடி அடங்கும். அந்தச் சாறும் 150 கிராம் தஹினியும் (எள் விழுது) முதலில் அரைபடட்டும். இறுகி மண் மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம். ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டால் வெளுத்துப் பஞ்சாக உப்பும். அதன்பின் கடலை, உப்பு. சூப்புக்குச் சுட்ட பரங்கியில் ஒரு கப் எடுத்து இதில் சேர்த்தால் நிறமும் பருவத்துக்கு ஏற்ற ருசியும் வரும்.

மெல்லியதீ, தஹினி எள் என்பதால் கொட்டை ஒவ்வாமை உள்ளவரிடம் எள் ஆகுமா என்று கேட்டுவிடுங்கள். சிலருக்கு இரண்டுமே ஆகாது.

மெல்லியதீ:
கேட்டுவிட்டேன், எள் ஆகும், கொட்டை மட்டும்தான் ஆகாது. இனிப்புக்கு ஆப்பிள் கிரம்பிள் என்று நினைத்திருக்கிறேன். மேல்மாவு சொதசொதவென்று ஆகாமல் இருக்க என்ன செய்வது? இவ்வளவையும் ஒரே ஓவனில் எப்படி முடிப்பது?

வேர்க்கிழங்கு:
கிரம்பிள் சொதசொதப்பதற்குக் காரணம் ஆப்பிள் விடும் சாறுதான். கிரானி ஸ்மித் மாதிரி புளிப்பான, கெட்டியான ஆப்பிள் 2 கிலோ எடுங்கள். தோல் சீவி 2 சென்டிமீட்டர் துண்டு, சர்க்கரை 100 கிராம், சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் 2 டீஸ்பூன். சோளமாவு சாற்றைப் பிடித்துக்கொள்ளும்.

மேல்மாவுக்கு மைதா 250 கிராம், ஓட்ஸ் 120, நாட்டுச்சர்க்கரை 150, உப்பு அரை டீஸ்பூன், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 180 கிராம். விரல் நுனியால் மட்டும் உதிருங்கள். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகிப் பிசைந்த மாவாகிவிடும். பட்டாணி அளவு உருண்டைகள் கொஞ்சம் நிற்க வேண்டும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் தூவுங்கள், அழுத்த வேண்டாம். 180 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடாதீர்கள். தட்டின் ஓரத்தில் சாறு கெட்டியாகக் குமிழ்விட வேண்டும், அப்போதுதான் சோளமாவு வெந்திருக்கும்.

பாதாம் தூவுகிற வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். தனித்தட்டில் வைத்தாலும் கரண்டி மாறும். ஓட்ஸ் பாக்கெட்டிலும் "கொட்டை கலந்திருக்கலாம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அகப்பை:
ஓவன் வரிசை இப்படி வெச்சுக்கலாம். முந்தின நாள் சூப், சில்லி, ஹம்முஸ், பூண்டு வெண்ணெய் எல்லாம் முடிஞ்சுடணும். பரங்கி சுடுற ஓவன் வேலையும் அன்னைக்கே. விருந்தன்னைக்கு 3.30க்குக் காய் ட்ரே ரெண்டும் 220ல. 4.15க்குச் சூட்டைக் குறைச்சுக் கோழி. ஓவன் காலியா இருக்கிற நேரத்துல மக்ரோனி சாஸ். 5.10க்கு மக்ரோனி 190ல, 5.40க்கு அதை எடுத்துட்டு அதே சூட்டுல பூண்டு ரொட்டி. 6 மணிக்கு ரொட்டி வெளியே வரும்போதுதான் ஆட்கள் வந்துட்டிருப்பாங்க. கிரம்பிளை முன்னாடியே சுட்டு வெக்காதீங்க. எல்லாரும் தட்டை எடுத்ததும், 6.30க்கு ஓவன்ல வையுங்க. 7.20க்கு வெளியே வந்து, 15 நிமிஷம் ஆறினதும் பரிமாறலாம். அந்த நேரத்துல பட்டை வாசனை வீடு முழுக்கப் பரவும், அதுக்குன்னே இந்த வரிசையை நான் மாத்த மாட்டேன்.

5 மணிக்கு அடுப்புல ஒரு பர்னர்ல சூப், இன்னொண்ணுல சில்லி. கொதிச்சதும் சில்லி ஸ்லோ குக்கருக்குப் போயிடும், அந்தப் பர்னர்ல ஆப்பிள் ஜூஸ் 3 லிட்டர், பட்டை 4 துண்டு, கிராம்பு 10, ஒரு விரல் நீளம் இஞ்சி. கொதிக்க விடாம ஆவி பறக்கிற சூட்டுல 25 நிமிஷம். ஆரஞ்சு வட்டங்களைக் கடைசி 10 நிமிஷம்தான் போடணும், ரொம்ப நேரம் கிடந்தா தோல் கசப்பு இறங்கிடும்.

உப்புக்கல்:
கோழி, மக்ரோனி ரெண்டையும் மேசையில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்காதீங்க. 60 டிகிரிக்கு மேல சூடா நிக்கிறது மட்டும்தான் அதுக்கு மேல தாங்கும். பாதியைத் தட்டுல வெச்சு, மீதியை மூடி சின்ன சூட்டுல வெச்சிருந்து நிரப்புங்க. மீந்ததை ஆழமான டப்பாவுல அடைக்காம அகலமான தட்டையான டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வையுங்க, நடுப்பகுதி சீக்கிரம் குளிரும்.

பொறிகடலை:
நண்பர்கள் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வர்றேன்னு சொன்னா எதைக் கொடுக்கலாம்?

அகப்பை:
ஓவனோ பர்னரோ கேட்காததைக் கொடுங்க. ஹம்முஸ், ரொட்டி, முட்டைக்கோஸ் ஆப்பிள் சாலட், ஜூஸ். சாலட்டுக்கு டிரெஸ்ஸிங்கைத் தனி பாட்டில்ல கொண்டு வரச் சொல்லுங்க, முன்னாடியே கலந்தா கோஸ் தண்ணி விட்டுடும். நறுக்கின ஆப்பிள் கறுக்காம இருக்க ஒரு கப் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து அஞ்சு நிமிஷம் முக்கி எடுத்தா போதும். "ஏதாவது கொண்டு வா"ன்னு பொதுவா சொன்னா நாலு பேர் இனிப்பு கொண்டு வருவாங்க, பண்டத்தோட பேரையும் எத்தனை பேருக்குன்னும் சொல்லிடுங்க. கொட்டை கூடாதுன்னு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியணும். கொண்டு வர்றவங்க என்னென்ன சேர்த்தாங்கன்னு ஒரு சீட்டுல எழுதிப் பக்கத்துல வெக்கட்டும்.

மெல்லியதீ:
சாலட்டும் ஜூஸும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் சூப்பைத் தன் வீட்டிலேயே செய்து கொண்டுவருவதாகச் சொல்கிறார், ஒரு மணி நேரப் பயணம். சூடாகவே கொண்டுவரலாமா?

தணல்:
நல்ல ஃபிளாஸ்க் இருந்தால் சூடாகவே கொண்டுவரலாம். ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி 10 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கிற சூப்பை நிரப்பி மூட வேண்டும். ஃபிளாஸ்க் இல்லையென்றால் முந்தின நாளே செய்து முழுக்கக் குளிரவைத்து, ஐஸ் பை வைத்த பெட்டியில் கொண்டுவரட்டும். உங்கள் அடுப்பில் கொதிக்கவைக்க 15 நிமிடம் ஆகும். வெதுவெதுப்பாகப் பாத்திரத்தில் மூடிக் கொண்டுவருவது மட்டும் வேண்டாம்.